ஒரு நாற்காலி அகலம்

வெளியே பளபளப்பு, உள்ளே மரக்கட்டை. எங்கள் தொழிலில் விமான மாடல் என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான். டிராவல்ஸ் ஆபீஸ் மேசைமேல் குரோமியத் தண்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்த ஜாதி. ஜன்னல் எல்லாம் ஸ்டிக்கர். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும் ஒன்றும் இல்லை. அப்படி நிறையச் செய்து கொடுத்திருக்கிறேன். என் பட்டறைக்குச் சோறு போடுவதோ அதுகூட இல்லை, பில்டர்கள் கேட்கிற அடுக்குமாடி மாடல்கள். பஞ்சு மரங்களும் நீல அக்ரிலிக் நீச்சல்குளமும் வைத்து, முப்பது வீட்டுக்கு ஒரு பார்க்கிங் என்ற உண்மையைப் புல்வெளியால் மூடித் தருவோம்.

அறுத்துக் காட்டும் மாடல் வேறு சமாசாரம். ஒரு பக்கத்துத் தோலை நீக்கி உள்ளறைகள் தெரியும்படி செய்வது. அதற்கு ஆர்டர் வருவது அபூர்வம். வந்தாலும் கப்பலுக்கு வரும், பாய்லருக்கு வரும். 1930களின் சொகுசு விமானம் ஒன்றை அப்படிச் செய்து தரச்சொல்லி டொராண்டோவிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தபோது, அவர் திருகோணமலைக்காரர் என்பதும் அந்த விமானத்துக்கும் திருகோணமலைக்கும் சம்பந்தம் உண்டு என்பதும் எனக்குப் புதுசு.

“எங்கட அப்பா டொக்யார்டில வேலை செய்தவர் தம்பி. சிறகு வைச்ச கப்பலொண்டு வந்து நிண்டது, உள்ளுக்குள்ள மேசை போட்டு விருந்து சாப்பிடுற அறை இருக்காம் எண்டு சொல்லுவார். சின்னனில நாங்கள் ஒருத்தரும் நம்பேல்லை. அந்த அறையைத்தான் நான் பார்க்கவேணும்.”

அவர் அப்பா சொன்னது பொய்யில்லை. போயிங் 314. பான் அமெரிக்கன் கம்பெனிக்காகச் செய்த பறக்கும் படகு. தண்ணீரிலிருந்து எழும்பி, தண்ணீரிலேயே இறங்கும். ‘கிளிப்பர்’ என்று முடியும் பெயர்களை வைத்தார்கள்: யாங்கி கிளிப்பர், டிக்ஸி கிளிப்பர், ஹொனலூலு கிளிப்பர். திருகோணமலைக்கு வந்தது பசிபிக் கிளிப்பர். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது அது நியூ கலிடோனியாவிலிருந்து ஆக்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பசிபிக் வழியே ஊர் திரும்ப முடியாது. கேப்டன் ராபர்ட் ஃபோர்டுக்கு வந்த உத்தரவு, மேற்கே சுற்றிக்கொண்டு நியூயார்க் வந்து சேர் என்பது. ஆஸ்திரேலியா, சுரபாயா, அங்கிருந்து வங்கக் கடலின் விளிம்பைத் தொட்டு இலங்கை. சுரபாயாவில் விமானப் பெட்ரோல் போதாமல் கார் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் திருகோணமலையை விட்டு எழும்பி, ஓர் எஞ்சின் கோளாறாகி, திரும்பி வந்து இறங்கி, சரிசெய்துகொண்டு 26-ம் தேதி மறுபடி புறப்பட்டார்கள். கராச்சி, பஹ்ரைன், கார்ட்டூம், காங்கோ, பிரேசில் என்று சுற்றி 1942 ஜனவரி 6 அன்று நியூயார்க்கில் இறங்கினார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பியதிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 31,500 மைல்.

ஆக, அந்த ஒரு கோளாறினால்தான் அவர் அப்பாவுக்கு அதைக் கூடுதலாக இரண்டு நாள் பார்க்கக் கிடைத்திருக்கிறது.

அளவு 1/72 என்று முடிவு செய்தோம். 1/144-ல் மினிகிராஃப்ட் கம்பெனியின் பிளாஸ்டிக் கிட் உண்டு; சிறகு நுனிக்கு நுனி 32 சென்டிமீட்டர்தான் வரும். வெளித்தோற்றத்துக்கு அது போதும். சாப்பாட்டு அறையை அதில் காட்டினால் லென்ஸ் வைத்துத்தான் பார்க்கவேண்டும். 1/72-ல் சிறகு 64 சென்டிமீட்டர், உடல் 45. உள்ளே நிற்கிற ஆள் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. கண்ணாடி போட்ட எண்பது வயசுக்காரர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றால் இதற்குக் கீழே போகக்கூடாது.

மொத்தம் கட்டியது 12 விமானங்கள். இன்று ஒன்றுகூட இல்லை. யாங்கி கிளிப்பர் 1943 பிப்ரவரியில் லிஸ்பனில் இறங்கும்போது சிறகு நுனி தண்ணீரில் பட்டு நொறுங்கியது. 24 பேர் இறந்தார்கள். ஹொனலூலு கிளிப்பர் 1945-ல் எஞ்சின் கெட்டு நடுக்கடலில் இறங்கியது, இழுத்துக்கொண்டு போக முடியாமல் அமெரிக்கக் கடற்படையே சுட்டு மூழ்கடித்தது. இன்னொன்று 1947-ல் அட்லாண்டிக்கில் எரிபொருள் தீர்ந்து அலையில் இறங்கி, அதிலிருந்த 69 பேரையும் கடலோரக் காவல் கப்பல் காப்பாற்றிய பிறகு அதே கதிக்கு ஆளானது. மிச்சம் இருந்தவற்றை உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். அயர்லாந்தில் ஃபாயின்ஸ் என்ற ஊரில் பறக்கும் படகுகளுக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே முழு அளவில் செய்து வைத்த நகல் ஒன்று உண்டு. உள்ளே ஏறி நிற்கலாம். உலகத்தில் அப்படி நிற்க முடிகிற ஒரே இடம் அதுதான், அதுவும் மாடல்தான்.

அசல் இல்லாத சாமானுக்கு வரைபடம்தான் அசல். வரைபடத்தை நம்புவதற்கு முன்னால் அதைச் சந்தேகப்பட வேண்டும். பழைய பத்திரிகைகளில் வந்த படங்களை நகலெடுத்து நகலெடுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். ஜெராக்ஸ் மெஷின் காகிதம் ஓடுகிற திசையில் ஒரு இழுப்பு இழுக்கும், குறுக்கே இழுக்காது. ஆகவே நன்றாகத் தெரிந்த இரண்டு அளவுகளை நீளத்தில் ஒன்று, அகலத்தில் ஒன்று என்று வைத்துச் சரிபார்ப்பேன். இதற்குச் சிறகு 152 அடி, உடல் 106 அடி. இரண்டும் ஒரே விகிதத்தில் வராவிட்டால் அந்தப் படம் கழிசல்.

இந்த விமானத்தில் இன்னொரு வம்பு வாலில் இருக்கிறது. 1938 ஜூன் 7 அன்று எடி ஆலன் முதல் தடவை ஓட்டியபோது வாலில் ஒற்றைச் செங்குத்துத் துடுப்புதான். திருப்பினால் திரும்பவில்லை. ஒரு பக்கத்து எஞ்சின்களை ஏற்றி மறுபக்கத்தைக் குறைத்துத்தான் சுற்றிக் கொண்டுவந்தார். பிறகு நடுவிலிருந்ததை எடுத்துவிட்டு இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று வைத்துப் பார்த்தார்கள். போதவில்லை. கடைசியில் நடுவிலும் ஒன்றைத் திரும்ப வைத்து மூன்றாக்கினார்கள். பயணிகளை ஏற்றிப் பறந்தவை எல்லாம் மூன்று துடுப்புக்காரர்கள். ஆனால் சோதனைக் காலத்துப் போட்டோக்கள் நிறைய உலவுகின்றன, அவற்றைப் பார்த்து வரைந்த படங்களும் உண்டு. ஒற்றை வாலோடு டிக்ஸி கிளிப்பர் என்று பெயர் எழுதிய மாடலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இனி மரம். இளம் ஆசாரிகள் இப்போது எம்.டி.எஃப். பலகைக்குப் போய்விட்டார்கள். நான் குமிழ் மரத்தை விடமாட்டேன். தேக்கு எண்ணெய் கக்கும், பட்டி பிடிக்காது. குமிழ் எடை குறைவு, உளிக்கு இணங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக மழைக்காலத்தில் உப்பி வெயிலில் சுருங்கி நம்மை ஏமாற்றாது. அந்தக் காலத்தில் டிராயிங் போர்டு செய்ய இதைத் தேடியதே அதனால்தான்.

ஆனால் இந்த வேலையில் குமிழை நான் மாடலுக்குப் போடவில்லை, அச்சுக்குத்தான் போட்டேன். காரணம் சொல்கிறேன். இந்த ஆர்டரின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

இந்தப் படகின் உடல் அகலம் பன்னிரண்டரை அடி. 1/72-ல் ஐந்து சென்டிமீட்டரும் ஒரு சொச்சமும். மரத்தைக் குடைந்து சுவராக்கினால் எவ்வளவு மெலிதாகச் செதுக்கினாலும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போக பயமாக இருக்கும். 3 மில்லிமீட்டர் என்பது அசல் விமானத்தில் 21.6 சென்டிமீட்டர் சுவர். வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மாதிரி. இரண்டு பக்கமும் சேர்த்தால் 43 சென்டிமீட்டர் போச்சு. ஒரு நாற்காலியின் அகலம். சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை உட்காரவே முடியாது. அசல் விமானத்தில் அலுமினியத் தகட்டின் கனம் சில மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த மெலிவினால்தான் உள்ளே அவ்வளவு இடம் கிடைத்தது. இந்த விமானத்தின் சொகுசு எல்லாம் வெல்வெட்டில் இல்லை, காலி இடத்தில்தான் இருந்தது. மாடல்காரனின் முதல் எதிரி சுவரின் கனம். அதை விட்டுவிட்டு மெத்தைக்கு என்ன கலர் அடிப்பது என்று யோசிப்பதில் அர்த்தமில்லை.

எனவே குமிழில் வலது, இடது என்று இரண்டு பாதி அச்சு செதுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கிப் போர்த்தி, கீழேயிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தேன். கடையில் ஹிப்ஸ் ஷீட் என்று கேட்டால்தான் புரியும். சாதனம் ஒன்றும் பெரிதில்லை: மேலே ஓட்டை போட்ட ஒரு மரப்பெட்டி, அதில் சொருகிய வாக்குவம் கிளீனர், ஷீட்டைப் பிடிக்க ஒரு ஃபிரேம், மேலே ஹீட்டர் கம்பி. ஷீட் முதலில் அலை அலையாக நெளியும், பிறகு ஒரு கணம் டிரம் தோல் மாதிரி விறைக்கும், அதற்கப்புறம் நடுவில் தொய்ய ஆரம்பிக்கும். தொய்வு இரண்டு விரல் கனம் வந்ததும் அச்சின்மேல் இறக்கி வாக்குவத்தைப் போட வேண்டும். முன்னால் இறக்கினால் ஓரம் உட்காராது, பின்னால் இறக்கினால் ஷீட் கிழியும். ஒரு மில்லிமீட்டர் ஷீட் இழுபட்டு இழுபட்டு ஆழமான இடத்தில் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிடும். அது அசலில் மூன்றரை சென்டிமீட்டர். அசலின் சட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கனம் நியாயமானது.

ஷீட் அச்சுக்கு வெளியே போர்த்திக்கொள்வதால் அச்சை அத்தனைக்கத்தனை சிறிதாகச் செதுக்க வேண்டும் என்பதைப் புதியவர்களுக்கு எப்போதும் சொல்லுவேன். வாக்குவத்துக்கு முன்னால் டால்கம் பவுடர் தூவ வேண்டும், இல்லாவிட்டால் பட்டியைப் பிய்த்துக்கொண்டு வரும். இந்த உடலின் அடிவயிற்றில் படிக்கட்டு மாதிரி வெட்டு இருக்கும். தண்ணீரில் வேகமெடுக்கும்போது அடிப்புறம் தண்ணீரை விட்டுப் பிரிய வேண்டுமே, அதற்கு. அந்த வெட்டின் உள்மூலையில் ஷீட் ஒழுங்காக உட்காராது, மடிப்பு விழும். அங்கே மட்டும் அச்சில் ஊசித் துளைகள் நிறையப் போட்டுக் காற்றுக்கு வழி விட்டேன்.

தளம்தான் அடுத்த வேலை. விமானம் என்றால் உள்ளே ஒரே நீளத் தரை என்று நாம் பழகிவிட்டோம். இதில் அப்படியில்லை. படகின் அடி வால் பக்கம் மேலே எழும்புகிறது, தளமும் அறைக்கு அறை படி வைத்து எழும்புகிறது. ஒரு அறையிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு படி ஏற வேண்டும், கதவைத் தாண்ட வேண்டும். அந்தந்த அறைக்கு உயரம் வேறு, அகலம் வேறு. ஒரு அறைக்கு அடித்த பலகை இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு குறுக்குச் சுவருக்கும் தனித் தனி அட்டை வார்ப்பு எடுத்து, பென்சிலால் எண் போட்டு, வரிசைப்படி டப்பாவில் வைத்துக்கொண்டேன்.

பகலில் 74 பேர் உட்காரலாம். இரவில் இருக்கைகளைப் படுக்கையாக்கினால் பாதிப் பேருக்குத்தான் இடம். ஆளுக்கு ஆள் திரைச்சீலை போட்ட மேல், கீழ் பெர்த். நம் ரயில் முதல் வகுப்பை நினைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி ஒப்பனை அறை. வால்கோடியில் தனி அறை ஒன்று, புதுமணத் தம்பதிகளுக்கு என்று விளம்பரம் செய்தார்கள். மாடலில் அது ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். நடுவில் 14 பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடம். சாப்பாடு இல்லாத நேரத்தில் அதே கூடம் உட்கார்ந்து பேசும் இடம். வெள்ளை விரிப்பு, பீங்கான் தட்டு, வெள்ளைக் கோட்டு பரிமாறுபவர்கள், பந்தி பந்தியாகச் சாப்பாடு. 1939 ஜூன் 28 அன்று டிக்ஸி கிளிப்பர் நியூயார்க் பக்கத்து போர்ட் வாஷிங்டனிலிருந்து 22 பயணிகளோடு அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பியது. ஒரு வழிக் கட்டணம் 375 டாலர், போக வர 675. அந்தக் காலத்து 675 டாலர். மூன்றரை வருஷம் கழித்து அதே விமானத்தில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காசாபிளாங்கா மாநாட்டுக்காக அட்லாண்டிக்கைக் கடந்து போய்த் திரும்பினார். வழியில் அவருடைய பிறந்தநாளுக்கு அந்தக் கூடத்தில்தான் கேக் வெட்டினார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு மேசையைப் போட உட்கார்ந்தால், அசலில் 25 சென்டிமீட்டர் இருக்கிற தட்டு நமக்கு மூன்றரை மில்லிமீட்டர். ஆபீஸில் காகிதம் குத்துகிற பஞ்ச் 6 மில்லிமீட்டர் வட்டம் போடும், உதவாது. பழைய டிரான்சிஸ்டர் ஏரியலின் மெலிந்த கணுக்களை அறுத்து, நுனியை உள்பக்கமாக அரத்தால் கூர்தீட்டி, ரப்பர்மேல் வைத்த வழவழப்பான அட்டையில் ஒரு தட்டு தட்டினால் வட்டம் வரும். அதை உள்ளங்கையில் வைத்து, குண்டூசித் தலையால் நடுவில் மெல்ல அழுத்தினால் ஓரம் தானாக எழும்பிக்கொள்ளும். தட்டு தயார். டம்ளருக்குச் சிரிஞ்ச் ஊசி. கரண்டிக்கு முயற்சி செய்யவில்லை, செய்யக்கூடாது என்பதே என் கட்சி. மூன்று மில்லிமீட்டர் கரண்டியைச் செய்யலாம்தான், ஆனால் அதன் காம்பு அசலில் விரல் தடிமன் ஆகிவிடும். பார்ப்பவர் கண் எதை நிரப்பிக்கொள்ளுமோ அதைச் செய்யாமல் விடுவதும் வேலைதான்.

மெத்தைத் துணிக்கும் இதே சட்டம். அசல் துணியை வெட்டி ஒட்டினால் நெசவு கயிற்றுக் கட்டில் மாதிரி தெரியும். டிஷ்யூ பேப்பரை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தி, காய்ந்தபின் மங்கலான வண்ணம் பூசினால் அது துணியாகும். எதிலும் பளபளப்பு கூடாது. சிறிய பொருளில் பளபளப்பு வந்தால் பொம்மை என்று கத்தும்.

மேலே, சுற்றுப்படி ஏறிப்போனால் விமானிகள் தளம். சுமார் 21 அடி நீளம், 9 அடி அகலம். தரைவிரிப்பு, நேவிகேட்டருக்கு வரைபடம் விரிக்க ஒரு பெரிய மேசை, ரேடியோக்காரருக்கு ஒன்று, எஞ்சின் மீட்டர்களைப் பார்க்கும் இன்ஜினியருக்கு ஒன்று. போட்டோக்களைப் பார்த்தால் ஆபீஸ் மாதிரி இருக்கும். பின்பக்கம் ஒரு சிறு கதவு. அதைத் திறந்தால் சிறகு.

இந்தச் சிறகைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமானத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது. போயிங் அதை எக்ஸ்பி-15 என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்திலிருந்து எடுத்துக்கொண்டது. உடலோடு சேருமிடத்தில் அவ்வளவு தடிமன், உள்ளே ஆள் புகுந்து நகர்ந்து போகலாம். பறந்துகொண்டிருக்கும்போதே இன்ஜினியர் சிறகுக்குள் போய் எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்து சில கோளாறுகளைப் பார்க்க முடியும். ஒவ்வொன்றும் 1,500 குதிரைத்திறன் உள்ள ரைட் ட்வின் சைக்ளோன், நான்கு. அந்தச் சத்தத்தில். பயணிகள் கீழே சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே, பக்கவாட்டில், ஒரு ஆள் முழங்கால் போட்டு ஊர்ந்துகொண்டிருப்பான்.

டிராவல்ஸ் மாடல்காரர்கள் செய்யாத இதை நான் செய்தே தீருவது என்று வைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் கேட்கவில்லை, அவருக்குச் சாப்பாட்டு மேசை போதும். இடது சிறகின் அடிப்பகுதியைத் திறந்துவிட்டு, உள்ளே பித்தளைக் கம்பியில் சட்டங்கள் சால்டர் வைத்து, முழங்கால் போட்ட ஒரு ஆளை வைத்தேன். எல்லா மாடலிலும் நாங்கள் ஆளை அளவுக்காக வைப்போம், பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்துக் கட்டடம் எவ்வளவு பெரிது என்று புரியட்டும் என்று. இங்கே ஆள் வேலைக்காக இருக்கிறான். அதில் எனக்கு ஒரு திருப்தி.

உடலின் இரண்டு பக்கமும் தண்ணீரை ஒட்டினாற்போல் குட்டிச் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது நிலைப்படுத்தும் மிதவை. பயணிகள் அதன்மேல் நடந்துதான் உள்ளே ஏறினார்கள். உள்ளே எரிபொருளும் இருந்தது. அதன் கோணம் ஒரு இம்மி பிசகினாலும் மாடல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது போலத் தோன்றும். அதற்கு மட்டும் தனியாக மரத்தில் ஒரு பிடி செய்து, ஒட்டுவது அரால்டைட் என்பதால் ஒரு ராத்திரி அசையாமல் வைத்தேன்.

பெயிண்டுக்கு வருகிறேன். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் அடிக்கிறவன் கெட்டான். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் இறங்கி வெள்ளையாகப் பூத்துவிடும். கார் பெயிண்ட் அடிப்பவர்கள் மெதுவாக உலரும் ரிடார்டர் தின்னர் கலந்து சமாளிப்பார்கள். கார் கதவுக்கு அது சரி. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் தின்னர் அதிக நேரம் நின்றால் ஷீட்டே இளகும். நான் தை பிறக்கும்வரை பெயிண்ட் டப்பாவைத் திறப்பதில்லை. வாடிக்கையாளர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். கனடாக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. திருகோணமலையிலும் அதே மாதங்களில்தான் மழை.

வெள்ளி நிறம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். சாதாரண சில்வர் பெயிண்டில் துகள் பெரிது; 1/72-ல் அந்த ஒவ்வொரு துகளும் மினுக்குப் பொட்டு மாதிரி தெரியும். முதலில் கறுப்பு அடித்து, ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, அதன்மேல் மிக நுண்ணிய துகள் உள்ள வெள்ளியை ஏர்பிரஷ்ஷில் பனி மாதிரி விடவேண்டும். தகட்டுக்குத் தகடு ஒரு துளி சாம்பல் கூட்டிக் குறைத்தால் உண்மை விமானத்தின் தோல் வரும். ஆணி வேண்டுமே, ரிவெட் எங்கே என்று கேட்பார்கள். ரிவெட் தலை அசலில் அரை சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் இதில் ஒரு மில்லிமீட்டரில் பதினாலில் ஒரு பங்கு. தலைமுடி கனம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரிவெட் குத்தினால் அது விமானம் இல்லை, இரும்புப் பாலம். இந்த வாதத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, அதனால் போன ஆர்டர்களும் உண்டு.

மூக்கில் அமெரிக்கக் கொடி. ஐரோப்பாவில் 1939-ல் சண்டை ஆரம்பித்தபோது அமெரிக்கா நடுநிலை, எங்களைச் சுடாதீர்கள் என்று சொல்லப் பெரிதாக எழுதிய கொடி. திருகோணமலையில் நின்றபோது இருந்தபடியே வேண்டும் என்றுதான் பெரியவர் ஆரம்பத்தில் கேட்டார். நான் ஒப்பவில்லை. ஒளிந்து ஒளிந்து வந்த யுத்தகால விமானத்துக்குள் வெள்ளை விரிப்பும் தட்டும் போட்டு வைப்பது எப்படி? தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த கோலத்தில் செய்கிறேன், பதிவு எண் மட்டும் பசிபிக் கிளிப்பருடையது, என்றேன். “ஓம், அப்பா கண்டதை விட வடிவா இருக்கட்டும்” என்று சம்மதித்தார்.

எடையைப் பற்றி ஒரு வேடிக்கைக் கணக்கு. முழுச் சுமையோடு அசல் விமானம் சுமார் 38 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 72-ல் ஒரு பங்கானால் எடையை 72-ஆல் மூன்று தடவை வகுக்க வேண்டும். நூறு கிராம் சொச்சம் வருகிறது. என்னுடையது ஸ்டாண்டு இல்லாமல் ஒன்றரைக் கிலோ. பறக்க வைத்தால் தண்ணீரை விட்டு எழும்பவே எழும்பாது. பிளாஸ்டிக், பித்தளை, பட்டி, அரால்டைட் என்று நாம் வைக்கிற எல்லாமே அலுமினியத் தகட்டுக்கு முன்னால் மொத்தம். அந்த போயிங் ஆட்கள் எதையெல்லாம் இழைத்து இழைத்து எடை குறைத்து, அந்த எடையைக் கொண்டுபோய் மெத்தையிலும் சாப்பாட்டு மேசையிலும் செலவழித்தார்கள் என்பது அந்த ஒன்றரைக் கிலோவைக் கையில் தூக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பயணிகளையே பெட்டியோடு நிறுத்தி எடை போட்டுத்தான் ஏற்றினார்களாம். ஏற்றமாட்டார்களா பின்னே.

அனுப்பும்போது நிலைமை தலைகீழ். கூரியர்காரர்கள் எடையைப் பார்க்கவில்லை, பெட்டியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000 ஆல் வகுத்தார்கள். சிறகோடு சேர்த்துப் பெட்டி செய்தால் 80, 60, 40 சென்டிமீட்டர். 38 கிலோவுக்குப் பில். நல்லவேளையாக வெளிச் சிறகுகளைக் கழற்றி மாட்டும்படி பித்தளைக் குழாய் வைத்துச் செய்திருந்தேன். கழற்றிப் படுக்கவைத்ததில் நீளம் 60 ஆயிற்று, அகலம் 40 ஆயிற்று, பில் பாதியாயிற்று. பெட்டிக்குள் மாடலைத் தெர்மாகோல் பிடிக்கக்கூடாது. கொண்டுபோகும் விமானத்தின் அதிர்வில் அது பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும். மென்பஞ்சு ஃபோமில் நான்கு இடத்தில் மட்டும் தாங்க வைத்து, மற்ற இடமெல்லாம் காற்று.

பெரியவருக்கு வந்து சேர்ந்த மறுநாள் போன். சாப்பாட்டுக் கூடத்தைப் பேரப்பிள்ளைகள் டார்ச் அடித்துப் பார்த்தார்களாம். கதிரைகளை எண்ணிப் பார்த்ததில் பதினாலும் சரியாம். சிறகுக்குள் முழங்கால் போட்டிருக்கிறவன் யார், கள்ளனோ என்று கேட்டார், விளக்கினேன். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி, இது மேசையில நிக்குது. கடலில எல்லோ நிக்கவேணும். திருகோணமலைக் கடலைச் செய்து தருவியளோ?”

கடல் செய்ய எபாக்ஸி ரெசின் ஊற்ற வேண்டும், ஒரே தடவையில் ஊற்றினால் சூடாகி வெடிக்கும், அடுக்கு அடுக்காக ஊற்றிக் காயவிட வேண்டும், அலை 1/72-ல் எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும், துறைமுகத்துக்குள் அலை குறைவு என்பதால் அது கொஞ்சம் லேசு, வெளிச்சம் பட்டாலும் மஞ்சளாகாத ரெசின் விலை கூடுதல் என்றெல்லாம் சொல்லி ஒரு தொகை சொன்னேன். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் அந்த ஊர்த் தண்ணீர் என்ன நிறம் என்று போட்டோ அனுப்பச் சொன்னேன். போட்டோக்கள் வந்துவிட்டன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தொகையில் பேரம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.